அமுக்கிப் பார்த்தது

ஷட்டர் வேலையில் கடைசியாகச் செய்ய வேண்டியது தட்டிப் பார்ப்பது. ஸ்பிரிங்கை முறுக்கி, தகடுகளை இரு பக்கத்துச் சேனல் பள்ளத்தில் இறக்கி, பூட்டுப் பட்டையை நேராக்கி, எல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக் ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை எடுப்பார். அது ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகு கடைக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு உள்ளங்கையால் தகட்டில் ஓங்கித் தட்டுவார். தெருவே திரும்பிப் பார்க்கும். தட்டிய பிறகும் நின்றால்தான் கருவிப் பையை மூடுவார். "கை வெச்சுப் பாக்காத வேலைய நான் வேலைன்னே சொல்ல மாட்டேன்" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

செருப்புக்கடை ஷட்டரில் வேலை அந்தத் தட்டு வரைக்கும் போகவில்லை.

கடை வாசலுக்கு மேலே இருக்கிற பெட்டிக்குள் ஒரு குழாய் கிடக்கும். ஸ்பிரிங்குகள் அதில்தான் கோத்திருக்கும். குழாயைச் சுழற்றினால் ஸ்பிரிங் இறுகும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், இரண்டு பைப் ரெஞ்சு வேண்டும். ஒருவர் கால் சுற்று சுற்றிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தன் ரெஞ்சைக் கழற்றி அடுத்த பிடி போடுவார். குழாயில் எப்போதும் ஒரு பிடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கிய அத்தனையும் ஒரே நொடியில் திரும்பி வரும்.

ஏணிகளில் நின்றது மெக்கானிக்கும் அவருடைய மச்சினனும். மச்சினன் என்றால் மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி. கல்யாணமாகிக் குழந்தை குட்டி இருக்கிறவன், மெக்கானிக்கோடு பல வருஷமாக வேலை செய்கிறவன். அன்றைக்கு அவன் பிடி போட்ட இடத்தில் காலையில் அவனே தடவிய கிரீஸ் இருந்தது. ரெஞ்சு வழுக்கியது. மெக்கானிக் அப்போதுதான் தன் ரெஞ்சைக் குழாயில் கொடுத்திருந்தார், இன்னும் இறுக்கவில்லை. குழாய் சுழன்றது, அதோடு சுழன்ற அவருடைய ரெஞ்சு அவருடைய இடது கன்னத்தில் அறைந்துவிட்டுக் கீழே விழுந்தது.

அவர் கத்தவில்லை. தானாகவே ஏணியிலிருந்து இறங்கி, ஒரு செருப்புப் பெட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்தார். "குழாயப் பாரு மாப்ள," என்றார். "வளைஞ்சிருக்கா?"

*

தோல் கிழியவில்லை. அதுதான் எல்லாரையும் ஏமாற்றியது. சாயங்காலத்துக்குள் இடது கண் மூடிக்கொண்டது. கன்னம் வீங்கி வலது கன்னத்தைவிடப் பெரிதாக, செழிப்பாகக்கூட இருந்தது. தெருமுனை டாக்டர் வலிக்கு மாத்திரையும் ஐஸ் ஒத்தடமும் சொல்லி அனுப்பினார்.

இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனார், மெக்கானிக்கின் அக்கா, வந்து பார்த்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. தினமும் விழுந்து எழும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவள் என்பதால் அடிபட்ட எதற்கும் அவளிடம் ஒரு தீர்ப்பு இருந்தது.

"ஒரு சொட்டு ரத்தம் இல்ல. ஒடஞ்சிருந்தா இப்படி உக்காந்து டிவி பாப்பானா? வீக்கம் வத்தினா சரியாப்போயிடும்." பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே மச்சினன் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். "என்னப்பா, கைல என்ன வெண்ணெயா தடவிட்டு வேலைக்குப் போன?"

"கிரீஸ்க்கா," என்றான் அவன், நிஜமாகவே கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு.

மெக்கானிக்கின் மனைவி தையல் மெஷினிலிருந்து எழவில்லை. பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பது அவள் வேலை. வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும், தைத்துக் கட்டுக்கட்டாகப் போகும். பள்ளி திறக்கும் சமயம் என்பதால் அறையின் பாதியைத் துணிதான் அடைத்திருந்தது. தம்பியை உள்ளே வா என்று கூப்பிட்டால் நாத்தனார் ஒன்று சொல்வாள். கூப்பிடாவிட்டால் தம்பி முகம் சுண்டிப்போகும். அவள் காலால் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். சத்தத்தில் நாத்தனார் கேட்டதும் தம்பி சொன்னதும் அவள் காதில் விழாத மாதிரி ஆனது.

வீக்கம் வற்றத் தொடங்கியபோது வேறு சங்கதிகள் வந்தன. டீ குடித்தால் இடது பக்கம் வழிந்து சட்டையில் சொட்டியது. "மேலுதடு என்னுது இல்லாத மாதிரி இருக்கு," என்றார். "யாரோ வாடகைக்குக் குடுத்த மாதிரி." வாயைப் பெரிதாகத் திறக்க முடியவில்லை; சோற்றை மசித்துக் குழைத்துக் கரண்டி நுனியில் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் அவரைக் குளியலறை முக்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவர் தலையை அண்ணாந்தார். மேலிருந்து பார்த்தபோது வலது கன்னம் புருவத்தைத் தாண்டி மேடாகத் தெரிந்தது. இடது பக்கம் மேடே இல்லை. கவிழ்த்து வைத்த சட்டியில் ஒரு ஓரம் நெளிந்த மாதிரி இருந்தது. குவளையைக் கீழே வைத்தாள்.

"என்ன?" என்றார் அவர், கண்ணை மூடியபடி.

"ஒண்ணும் இல்ல. தொடச்சுக்குங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

*

முகத்து எலும்புகளுக்கென்றே இருந்த பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவளைப் போல ஒரு காலை மாற்றி ஒரு காலில் பாரத்தை வைத்துப் பேசினாள். மெக்கானிக்கை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவளும் பின்னால் போய் நின்று தலைக்கு மேலிருந்து பார்த்தாள்.

"இப்படிப் பாத்துத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று மனைவியைக் கேட்டாள்.

"குளிக்க ஊத்தும்போது தெரிஞ்சுச்சு."

"நல்லவேளை. வீக்கம் பள்ளத்த நெரப்பி வெச்சுரும். வத்தினப்புறம்தான் காட்டிக் குடுக்கும். இன்னும் லேட் பண்ணியிருந்தா எலும்பு கோணலாவே ஒட்டியிருக்கும்."

ஸ்கேன் படம் வந்த பிறகு, மேஜைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் இழுத்துக் காட்டினாள். கன்ன எலும்பும் இப்படித்தான், நாலு கால்: ஒன்று புருவ ஓரத்தில், ஒன்று காதுப் பக்கம், ஒன்று மேல் தாடையில், ஒன்று கண்ணுக்கு அடியில். அடி விழுந்து ஸ்டூல் உள்ளே சாய்ந்திருக்கிறது. சாய்ந்ததில் தாடைச் சதையை அழுத்துகிறது, அதனால் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. உதட்டுக்குப் போகும் நரம்பு நசுங்கியிருக்கிறது, அதனால் மரத்துப்போயிருக்கிறது.

"எப்படி எடுப்பீங்க?" என்றார் மெக்கானிக். தொழில் பேச்சு வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"காதுக்கு மேல, முடிக்குள்ள சின்னதா கீறி, தட்டையா ஒரு கம்பிய உள்ள விட்டு, எலும்புக்கு அடியில கொண்டு போய் நெம்புவோம். டக்குனு வந்து உக்காரும். வெளிய தழும்புகூடத் தெரியாது."

"உக்காந்ததும்?"

"உக்காந்து நின்னுதுன்னா அவ்வளவுதான். கம்பிய எடுத்துட்டுத் தையல் போட்டுருவோம்."

"ஸ்க்ரூ?"

"நிக்கலன்னாதான் பிளேட்டும் ஸ்க்ரூவும். டைட்டானியம். எத்தன எடத்துல போடறதுன்னு ஆபரேஷன் டேபிள்லதான் முடிவு பண்ணுவோம். சிலருக்கு ஒரு எடம் போதும், சிலருக்கு ரெண்டு, ரொம்ப நொறுங்கியிருந்தா மூணு. ஒங்களுக்கு ஒடைஞ்ச எடமெல்லாம் சுத்தமா இருக்கு. ஒண்ணோட ஒண்ணு பல்லு பல்லாக் கோத்துக்கும்."

"போட்டே விட்டுருங்களேன் டாக்டர். எதுக்கு வம்பு."

"தேவையில்லாம மொகத்தத் தொறக்க வேண்டாம்ங்க."

"நாலு காலும் ஒடஞ்ச ஸ்டூல நிமித்தி வெச்சுட்டு உக்காருன்னா யாரு உக்காருவா?"

"யாரும் உக்காரக் கூடாதுன்னுதான் நானும் சொல்லப் போறேன்," என்றாள் டாக்டரம்மா. "மூணு வாரம். அந்தப் பக்கம் படுக்கக் கூடாது, மூக்கு சிந்தக் கூடாது, கடிச்சுச் சாப்பிடக் கூடாது. கன்னத்து மேல ஒரு விரல்கூடப் படக் கூடாது."

மனைவி தலையசைத்தாள். மூன்று வாரம் என்பது அவள் தலையில் வந்து உட்கார்ந்தது.

*

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. நெம்பியதும் எலும்பு வந்து உட்கார்ந்தது, நின்றது, பிளேட் தேவைப்படவில்லை. டாக்டரம்மா வார்டுக்கு வந்து சந்தோஷமாகவே சொன்னாள். மெக்கானிக்கின் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தான். படிக்கட்டிலிருந்து விழுந்து தாடை உடைந்தவன். மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அப்படியும் பல் இடுக்கு வழியாகவே ஊர்க் கதையெல்லாம் பேசினான்.

"ஒங்களுக்கு எத்தனண்ணே?"

"எத்தனன்னா?"

"பிளேட்டு. எனக்கு நாலு." எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். தாடையின் இரண்டு பக்கத்திலும் குட்டி ஏணிகளைப் போல வெள்ளை வெள்ளையாக இருந்தன. "ஸ்க்ரூ மட்டும் எத்தன பாருங்க. இனிமே மேல பஸ்சே ஏறினாலும் ஒண்ணும் ஆகாது."

மெக்கானிக் படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் போடல," என்றார்.

"ஒண்ணுமேவா?"

"சும்மா தூக்கி வெச்சிருக்காங்க."

கண்டக்டர் அனுதாபமாகப் பார்த்தான். "சில டாக்டருங்க அப்படித்தாண்ணே," என்று ஆறுதல் சொன்னான். அவன் நல்லவன்தான்.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஃப்ளாஸ்கிலிருந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுத்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சரக்கு மட்டம் என்று கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்பதைப் போல இருந்தது.

*

வீட்டில் அவரைச் சுவரோரக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை அடுக்கினாள். இடது பக்கத்துக்குத் தலையணை போதாமல் பைத் துணிக் கட்டுகளை வைத்து அணை கட்டினாள். மெஷின் சத்தம் அவருக்குத் தலையில் இடிக்கிறது என்றதால் அவர் தூங்கும்போது நூல் பிசிறு வெட்டினாள், விழித்திருக்கும்போது தைத்தாள். இரவில் அவர் புரள்கிறாரா என்று பார்த்தாள். காலையில் சோற்றையும் உருளைக்கிழங்கையும் மசித்தாள், பழத்தை மசித்தாள், பிஸ்கட்டைப் பாலில் கரைத்தாள். உலகத்தில் எல்லாமே மசிப்பதற்காக இருப்பதாக அவளுக்குப் பட்டது.

பைக் கட்டு எடுக்க வந்தவர், "என்னம்மா, இந்த ஜிப்பு பூராக் கோணலா இருக்கு?" என்றார்.

"பிரிச்சுத் தச்சுக் குடுக்கறேன்."

"ஒடம்பு சரியில்லையா?"

"எனக்கு இல்ல."

நாத்தனார் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தம்பியை மேற்பார்வை பார்த்தாள். "கண்ண மூடிறாத," என்று போகும்போது ஒவ்வொரு நாளும் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். "அவன் சின்ன வயசுலேர்ந்தே புரண்டு புரண்டு தூங்கறவன். இங்க படுத்தா அங்க எந்திரிப்பான்."

மெக்கானிக் புரளவில்லை. பிணத்தைப் போல அசையாமல் கிடந்தார். ஆனால் யோசித்துக்கொண்டே கிடந்தார்.

"ஒரு போல்ட் இல்லாம எப்படி நிக்கும்?" என்று கூரையைப் பார்த்துக் கேட்பார்.

"நிக்குதுன்னுதான சொன்னாங்க."

"அவங்க சொல்லுவாங்க. மேல தோலப் போட்டு மூடியாச்சு. உள்ள என்ன இருக்குன்னு யாரு பாத்தா?"

"நீங்க ஷட்டர் பெட்டிய மூடினப்புறம் கடக்காரன் உள்ள பாக்கறானா?"

"அவன் முன்னாடி தட்டிக் காட்டறேன்ல."

"ஒங்களுக்கும் வந்து தட்டிக் காட்டணுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பேசினால் தாடை வலித்தது என்பது ஒரு காரணம்.

முதல் வாரம் முடியப்போகிற சமயம். முகத்தில் வீக்கம் வற்றிக் கன்னம் மேடாகத் தெரிந்தது. வாயும் நன்றாகத் திறக்க ஆரம்பித்திருந்தது. காலை வெயில் ஏறிவிட்டது. மெக்கானிக் எழுந்து, ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த கண்ணாடியின் முன் நின்று, வலது பக்கத் தாடியை மழித்தார். இடது பக்கத்துக்குச் சோப்பு தடவும்போது, தன் விரல் தன் முகத்தில் படுவது அவருக்கே தெரியவில்லை. வேறு ஒருவன் முகத்தைத் தொடுகிற மாதிரி இருந்தது.

விரல் நுனியால் எலும்பைத் தொட்டுப் பார்த்தார். நின்றது. விரல் கணுவால் லேசாகத் தட்டினார். நின்றது. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் தட்டி நின்ற ஷட்டரை அடுத்து ஓங்கித் தட்டுவதுதான் கைக்குப் பழக்கம். அந்தக் கை அவரைக் கேட்கவில்லை. கட்டை விரலை மேட்டின் மேல் வைத்து, ஸ்பிரிங் தாங்குகிறதா என்று தகட்டை அழுத்துகிற அதே அழுத்தம் அழுத்தினார்.

சாக்பீஸ் ஒடிவதைப் போல ஒரு சத்தம். காதுக்கு வெளியில் அல்ல, தலைக்குள் கேட்டது. கண்ணாடியில் இருந்த முகத்தின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது.

சோப்பைக் கழுவினார். வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். மனைவி மெஷினின் மேல் கையை மடித்து, ஒரு பையின் மேல் தலை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. கத்தரிக்கோல் விரலிலேயே மாட்டியிருந்தது. அவர் சத்தம் போடாமல் போய்த் தலையணைகளுக்கு நடுவில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார்.

அவள் திடுக்கிட்டு விழித்து, முதல் காரியமாகக் கட்டிலைத்தான் பார்த்தாள். பக்கத்தில் வந்தாள். குனிந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புரண்டீங்களா?"

"தெரியல," என்றார்.

"நான் ஒரு நிமிஷம்தாங்க… கண்ணு அசந்துருச்சு."

அவர் கூரையைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்ட பிறகு, அதைச் சொல்ல ஒவ்வொரு நிமிஷமும் முன்னைவிடக் கஷ்டமானது.

*

நாத்தனார் அன்றைக்குக் கால்மாட்டில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற தாழ்ந்த குரல்தான். அது சத்தத்தைவிட மோசம்.

"ஒன் தம்பி ரெஞ்ச விட்டான். நீ புருஷன விட்ட. பிடிச்சத விடறதுக்குன்னே ஒரு குடும்பமா?"

"அண்ணி, நான் வேணும்னா பண்ணினேன்?"

"வேணும்னு பண்ணினவங்ககூடச் சொல்லிட்டுப் பண்ணுவாங்க. இனி ரெண்டாந்தரம் மொகத்த அறுக்கணும்பாங்க. இவன் தாங்குவானா? ஒரு வேல, முழிச்சிருக்கறது. அதக்கூட நான்தான் வந்து பாக்கணுமா?"

"அக்கா, விடு," என்றார் மெக்கானிக் கட்டிலிலிருந்து.

"நீ பேசாத. வாயத் தொறந்து அதுவும் எறங்கிறப் போகுது."

அவர் பேசாமல் இருந்தார். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது.

மனைவி சமையலறைக்குப் போய்த் தம்பிக்கு ஃபோன் பண்ணினாள். "இந்தப் பக்கம் வராத," என்றாள். "கொஞ்ச நாளைக்கு."

"நான் என்னக்கா பண்ணினேன் இப்ப?"

"நீ இல்லடா. நான்."

"செருப்புக்கட ஷட்டர் இன்னும் பாதியிலயே கெடக்கு. கடக்காரர் பலகய முட்டுக் குடுத்து வெச்சிருக்கார். வேற ஆளக் கூப்பிடவான்னு கேக்கறார். மாமா என்ன சொல்றார்?"

"மாமா ஒண்ணும் சொல்லல," என்றாள். அது உண்மை.

*

டாக்டரம்மா புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்துப் பார்த்தாள். பிறகு மெக்கானிக்கின் கண்ணைச் சுற்றித் தடவிப் பார்த்தாள், மேலே பார், கீழே பார் என்றாள், ஒன்று இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டாள்.

"எப்படி எறங்குச்சு?"

"நான் அசந்துட்டேன் டாக்டர்," என்றாள் மனைவி. இத்தனை நாளில் அந்த வாக்கியம் அவள் வாயில் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. "தூக்கத்துல புரண்டுட்டார்."

டாக்டரம்மா படத்துக்குத் திரும்பினாள். "புரண்டதுக்கா இப்படி எறங்குது? தலகாணி அழுத்தினதுக்கே இவ்வளவு எறங்குச்சுன்னா, நான் நெனச்சத விட உள்ள நொறுங்கியிருக்குன்னு அர்த்தம். படத்துல தெரியாத விரிசல் இருக்கும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்தத் தடவ பிளேட் போட்டே ஆகணும். புருவத்து ஓரத்துல ஒண்ணு. வாய்க்குள்ள, மேல் ஈறுக்கு மேல கீறி, தாடையோட சேர எடத்துல ஒண்ணு. சாதாரணமா அது போதும். ஆனா இது தானா எறங்கின எலும்புன்னா அத நம்பி விட முடியாது. கண்ணுக்குக் கீழயும் தொறந்து மூணாவது போடணும்."

"கண்ணுக்குக் கீழன்னா?" என்றார் மெக்கானிக்.

"கீழ் இமைய ஒட்டிக் கீறுவோம். பெரும்பாலும் நல்லா ஆறிடும். சிலருக்கு இமை கொஞ்சம் கீழ இழுத்துக்கும். கண்ணு முழுசா மூடாது, தண்ணி வடியும், தூசு பட்டா உறுத்தும். அத முன்கூட்டியே சொல்லிடறது என் கடம."

மெக்கானிக் தன் முழங்கால்களைப் பார்த்தார். அவர் வேலை முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை. பெட்டியைத் திறந்தால் முதலில் விழுவது துரு. பிறகு பல்லி முட்டையும் பல வருஷத் தூசும் காய்ந்த கிரீஸும். மூடாத ஒரு கண்ணோடு ஏணியில் நிற்பதை அவர் நினைத்துப் பார்த்தார்.

"அமுக்கினேன்," என்றார்.

"என்னது?"

"நான்தான் அமுக்கினேன். புரளல."

டாக்டரம்மா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "எதால?"

அவர் கட்டை விரலைக் காட்டினார்.

"எதுக்கு?"

"நிக்குதான்னு பாக்க."

"நின்னுச்சா?" என்றாள் டாக்டரம்மா.

"மொதல்ல நின்னுச்சு."

அவள் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாதவளைப் போல அவரையே பார்த்தாள். கடைசியில் இரண்டும் செய்யவில்லை. களைப்பாகப் பெருமூச்சு விட்டாள். "நல்லா அழுத்தியிருக்கீங்க. என் வேலைல குத்தம் இல்லன்னு எனக்கும் இப்பத்தான் நிம்மதி. ரெண்டு எடத்துல போட்டுப் பாக்கறேன். கெட்டியா நின்னுதுன்னா இமையத் தொட மாட்டேன். டேபிள்ல நான் அசச்சுப் பாக்கறேன், அது என் வேல. ஒங்க வேல இல்ல."

மனைவி இத்தனை நேரமும் சேலை முந்தானையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததையெல்லாம் உருண்டையாக உருட்டிக் கையில் வைத்திருந்தாள். வெளியே வந்து, தாழ்வாரத்தில் குப்பைத் தொட்டியைக் கண்டதும் அதைப் போட்டாள்.

"கண்ணுன்னு சொன்னதும் வாய் தொறந்துருச்சு," என்றாள்.

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"ஒங்கக்கா என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டுத்தான படுத்திருந்தீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

எதிரே சக்கர நாற்காலியில் யாரையோ தள்ளிக்கொண்டு வந்தார்கள்; இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"நான் அண்ணிகிட்ட ஒண்ணும் சொல்லப் போறதில்ல," என்றாள் அவள். "சொன்னாலும் நம்ப மாட்டாங்க, தப்பிக்கறதுக்குச் சொல்றேம்பாங்க. நீங்களாச் சொன்னா உண்டு. இல்லன்னா நான் தூங்கினவளாவே இருந்துட்டுப் போறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நாளைக்கு எத்தனை பை பாக்கி என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

*

இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிட நேரம் பிடித்தது. இரண்டு பிளேட்டிலேயே எலும்பு கெட்டியாக நின்றது, இமையைத் தொடவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பல்கட்டு பிரிக்க வந்திருந்த கண்டக்டர் வார்டில் எட்டிப் பார்த்தான். "இப்ப எத்தனண்ணே?" மெக்கானிக் இரண்டு விரலைக் காட்டினார். "பரவால்ல," என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூடச் சேலையிலேயே வந்திருந்தாள். முந்தானையில் எந்தப் பிள்ளையோ துடைத்த மை இருந்தது. தம்பியின் தலைக்கட்டை, புருவத்துத் தையலை, உப்பிய மேலுதட்டை எல்லாம் நின்று பார்த்தாள். ஃப்ளாஸ்கை மேஜையில் வைத்தாள்.

"கஞ்சி கொண்டாந்திருக்கேன். ஆத்திக் குடு." பிறகு, தாழ்ந்த குரலில்: "இந்தத் தடவயாவது முழிச்சிருப்பியா, இல்ல நான் லீவு போட்டுட்டு வரணுமா?"

மனைவி போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை விரித்து மறுபடி மடித்தாள். கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லுங்கள் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

மெக்கானிக் கையைத் தூக்கினார். கட்டை விரலைக் கன்னத்துக்கு முன்னால் காற்றில் வைத்து அழுத்திக் காட்டினார். பிறகு தன் மார்பைத் தொட்டார்.

"வலிக்குதாம்," என்றாள் நாத்தனார். "நர்ஸக் கூப்பிடு."

அவர் தலையை ஆட்டினார். வாய்க்குள் தையல் இழுத்தது. உதட்டை அசைக்காமல், கண்டக்டரைப் போலப் பல் இடுக்கு வழியாகப் பேசினார். "அக்கா. நான்தான் அமுக்கினேன்."

"எத?"

"எலும்ப. சவரம் பண்ணும்போது. கட்ட வெரலால."

நாத்தனார் புரியாமல் மனைவியைப் பார்த்தாள். மனைவி போர்வையைப் பார்த்தாள்.

"இவ தூங்கினதால எறங்கல," என்றார் அவர். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று மூச்சு வாங்கினார். "இவ தூங்கும்போது அது நல்லாத்தான் இருந்துச்சு. அமுக்கினப்புறம் இவ தூங்கறதப் பாத்துட்டுதான் போய்ப் படுத்தேன். சொல்லல."

"எதுக்குடா அமுக்கின?"

"நிக்குதான்னு."

நாத்தனார் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தம்பியைத் திட்ட வாயெடுத்தாள். அந்த முகத்தில் திட்டுவதற்கு இடம் இல்லாததைப் போல நிறுத்திக்கொண்டாள். மனைவியிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த மாதிரி வார்த்தைகளை அவள் சொல்லிப் பழகியதில்லை. பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

"மாப்ளய வரச் சொல்லு," என்றார் மெக்கானிக் மனைவியிடம். "கடையில பலக முட்டு எத்தன நாள் தாங்கும்."

"மொதல்ல நீ வாய மூடு," என்றாள் நாத்தனார். எழுந்து, மனைவியின் கையிலிருந்து போர்வையை வாங்கினாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் அதை விரித்துத் தட்டிவிட்டாள். தன் கைப்பையைத் தலைமாட்டில் வைத்தாள்.

"படு," என்றாள்.

"பரவால்ல அண்ணி. கஞ்சி ஆத்தணும்."

"எனக்குக் கை இல்லையா? படுன்னா படு."

மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். காலைத் தூக்கி மேலே வைப்பதற்கு முன்பே தலை சாய்ந்துவிட்டது. நாத்தனார் குனிந்து அவள் கால்களை எடுத்து மேலே வைத்தாள். சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டாள். அவள் அசையவில்லை. மூச்சு சீராக வந்தது. வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அதற்கும் எழவில்லை.

மெக்கானிக் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோனார்.

"தூங்கட்டும்," என்றாள் நாத்தனார். ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவருக்கு நேராக உட்கார்ந்தாள். "நீ ரெண்டு கையயும் போர்வைக்கு வெளிய வை. நான் பாக்கற மாதிரி."

அவர் இரண்டு கைகளையும் எடுத்து வெளியே வைத்தார்.